ஐயப்பன்தாங்கல் வீட்டு வாசலில் கட்டிய பேனர்

முத்தாபுதுப்பேட்டை,
தை 26, திங்கட்கிழமை.

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு உன் சித்தப்பா நடேசன் எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன், முதலில் அதை ஒப்புக்கொண்டு அப்புறம் மேலே படி. நீ அமெரிக்கா ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கே, கண்ணு, இது சினிமாவில் காட்டுகிற ஊர் இல்லை, அந்த நாட்டுக்கு நட்ட நடுவில் இருக்கிற சின்ன ஊர், சோளக்காடும் பனியும்தான் இருக்கும், ஒரு குளிர்காலம் போனதும் மாப்பிள்ளைக்கு முகம் வாடிப்போகும், பேத்தி வர்ஷா பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காது, கம்பெனிக்காரன் மட்டும் உன்னை விடவே மாட்டான், இங்கே மாப்பிள்ளையின் அண்ணன் உத்தமன் நமக்கு ஒரு அவமானம் செய்வான், அதற்கு நான் ஒரு பதில் செய்வேன் என்று வரிசையாகச் சொன்னேன். உன் சித்தி தாயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பதில் செய்வேன் என்று சொன்ன ஒன்றைத் தவிர மற்றது எதையும் நான் சொல்லவே இல்லை என்கிறாள். அவளுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது, பாவம்.

மற்றபடி எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. அங்கே நீங்கள் நாலு பேரும் மூக்கு ஒழுகாமல், கால் வழுக்காமல், வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் காலையும் மாலையும் நிற்கிறோம். சித்திக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் மாடிக்கு ஏறி வடகம் பிழிந்து காயப்போட்டிருக்கிறாள். எனக்கு பிரஷர் பார்த்த டாக்டர், ஐயா உங்களுக்கு இருபத்தைந்து வயசுப் பிள்ளையின் இதயம் என்று எழுந்து நின்று கை கொடுத்தார். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார். ஆவடி பேக்டரியில் முப்பத்தாறு வருஷம் பட்டாளத்து டாங்கிக்குச் சங்கிலி மாட்டின உடம்பு இது, அப்படித்தான் இருக்கும்.

போனில் சொல்லாமல் ஏன் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் என் வாய் ஓடுகிற வேகத்தில் ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது, பேனா பிடித்தால் எட்டாம் வகுப்பு வரை படித்த கை மெதுவாகத்தான் போகும், அதனால் நடந்தது நடந்தபடி வரும். எழுதி முடித்ததும் சித்தி பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன்னிடம் வந்து சேர வேண்டும் என்றுதான் இந்த அவசரம். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த ஊரிலேயே இருக்கலாம், போடாவிட்டால் ஆனி மாதத்தோடு கிளம்பி வந்துவிடலாம், அம்பத்தூர் ஆபீசில் உன் பழைய நாற்காலி அப்படியே இருக்கிறது என்றாய். மாப்பிள்ளை கோகுல்நாத் வேலை எதுவும் பார்க்க முடியாமல் சமையலும் பிள்ளைகளுமாக இருக்கிறார், மத்தியான நேரத்தில் ஜன்னல் பக்கமே நிற்கிறார் என்றாய். வர்ஷா ஐந்து மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று டீச்சர் காகிதம் கொடுத்து அனுப்பினார்கள் என்றாய். இதெல்லாம் சொல்லிவிட்டு, ஆனாலும் சித்தப்பா, இவர் அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே கையெழுத்துப் போடப்போறேன், மூணு வருஷம் இருந்து காட்டிட்டுத்தான் வருவேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டாய்.

அந்த வார்த்தை எது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நீங்கள் கிளம்பிய அன்று உங்கள் பருத்திப்பட்டு பிளாட்டிலிருந்து பதினோரு பெட்டியை இறக்கினோம், லிப்டில் நானும் உன் வீட்டுக்காரரின் அண்ணன் உத்தமனும் மட்டும் இருந்தோம், அப்போது அவன், “போவட்டும் மாமா, சோளக்கொல்லைக்குக் காவல் காக்கத்தானே போறாங்க, முதல் பனி உழட்டும், பொட்டியத் தூக்கிக்கினு ஓடியாந்துடுவாங்க பாரு” என்று சொன்னதாக நான் உனக்குச் சொன்னேன். நீ போய்ச் சேர்ந்த ஆறாம் நாள், கடைக்குப் போக ஆள் இல்லை, தெருவில் மனித நடமாட்டமே இல்லை, திரும்பி வந்துடட்டுமா சித்தப்பா என்று போனில் தேம்பித் தேம்பி அழுதாயே, அன்றைக்குத்தான் சொன்னேன். சொன்னதும் உன் அழுகை டக்கென்று நின்றது. மறுநாளே லைசென்ஸ் எடுக்க எழுதிக் கொடுத்தாய், மறுவாரம் அந்தப் பெரிய வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் போய் இட்லி அரிசி வாங்கி வந்தாய். அன்றிலிருந்து அவன் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, மாப்பிள்ளையும் தம்பி என்கிற முறைக்கு ஒரு உம் போட்டு வைத்துவிடுகிறார். நானும் இங்கே மார் தட்டிக்கொண்டேன், பார்த்தீர்களா என் வளர்ப்பு, ரோஷம் என்றால் இது என்று.

நமக்கும் அவர்களுக்கும் இருக்கிற பகை இன்று நேற்று வந்ததில்லை. உன் கல்யாண ரிசப்ஷனில் மேடையில் உன் பக்கத்தில் அப்பா ஸ்தானத்தில் நான் நின்றேன், போட்டோக்காரன் “பெர்சு, கொஞ்சம் ஓரமா நில்லு” என்றபோது உத்தமன் பெண்டாட்டி ஷோபனா வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் மறந்தேன் என்றா நினைக்கிறாய், சாகும்போதும் மறக்கமாட்டேன். அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் மூன்றாங்கிளாஸ் பெண்ணாக உன்னைக் கையைப் பிடித்து பேக்டரி குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தவன் நான், உன் மார்க் அட்டை ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டவன் நான், என்னை ஓரமாக நில் என்றால் நான் சும்மா இருப்பேனா. சமயம் வரட்டும் என்று ஒன்பது வருஷம் காத்திருந்தேன். வந்தது.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் உத்தமனும் ஷோபனாவும் தட்டு, பழம், குங்குமத்தோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின் தெருவில் கட்டின வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா, போன புதன்கிழமை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையைப் பிள்ளையார் சுழியிலிருந்து அச்சகத்துக்காரன் பெயர் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கீழே வலது மூலையில், எல்லாரும் போடுவார்களே, “உங்களை அன்புடன் வரவேற்கும் மழலைகள்” என்று, அங்கே பதினோரு பிள்ளைகள் பெயர். ஷோபனாவின் தங்கை பிள்ளைகள் இருக்கின்றன, எதிர் வீட்டுக்காரன் பெண் இருக்கிறது, இன்னும் பெயர் வைக்காத ஒரு கைக்குழந்தைக்கு “குட்டிமா” என்று போட்டிருக்கிறது. சொந்தத் தம்பி பிள்ளைகள் வர்ஷாவும் ஸ்ரீநாத்தும் இல்லை. இரண்டு தரம் தேடினேன், பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். என்னம்மா இது என்று கேட்டேன். ஷோபனா கூசாமல், “வர்ற பசங்க பேரு மட்டும்தான் மாமா போட்டோம், அவங்கதான் வரப்போறது இல்லியே” என்றாள். உத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு உள்ளே எரிந்தது, ஆனால் முகத்தில் காட்டவில்லை, சித்தியைக் கூப்பிட்டு இன்னும் ஒரு டம்ளர் காப்பி கொடுக்கச் சொன்னேன், அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டேன். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

ஆவடி மார்க்கெட் பக்கம் பேனர் அடிக்கிற அசோக்கை உனக்குத் தெரியாது, என்னை எங்கே பார்த்தாலும் வணக்கம் வைப்பான். அவனிடம் போய் பத்துக்கு எட்டு அடியில் ஒரு பேனர் வேண்டும் என்றேன். நீ போன மாதம் அனுப்பினாயே, பனியில் நாலு பேரும் பஞ்சு கோட்டு, குல்லா, கழுத்துத் துணி எல்லாம் சுற்றிக்கொண்டு நிற்கிற போட்டோ, அதைக் கொடுத்தேன். அவன் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்தே இது, நாலு மூட்டைய வரிசையா நிக்கவச்ச மாதிரி கீது, மூக்கு மட்டும்தான் தெரியுது” என்றான். மூக்கு தெரிந்தால் போதும், அது எங்கள் வம்ச மூக்கு என்றேன். பின்னால் சோளக்காடு வை என்றால், “சோளத்த வச்சா பாப்கார்ன் கடை தொறக்கறாங்கன்னு நென்ச்சிக்கினு பூடுவாங்க நைனா” என்று சொல்லி அவனாகவே உயர உயரமான கட்டிடங்களையும் பறக்கிற கழுகையும் வைத்துவிட்டான். உங்கள் ஊரில் உயரமாக இருப்பது தானியம் கொட்டுகிற கோபுரம் ஒன்றுதான் என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, இருந்தாலும் விட்டுவிட்டேன், ஐயப்பன்தாங்கலில் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். ஊர்ப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, அவனுக்கு டைப்பில் நுழையவில்லை, அதனால் மாநிலத்தின் பெயரையே ஊராக்கினோம். “அமெரிக்க நாட்டின் அயோவா மாநகரில் கால் பதித்த முதல் தமிழ்க் குடும்பம்! மேயர் மாலையிட்டு, பேண்டு வாத்தியத்துடன் வரவேற்ற பொறியாளர் திருமதி ஷர்மிளா கோகுல்நாத்!” இது மேலே. கீழேதான் விஷயம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அடி உயரம், சிவப்பில் மஞ்சள் கரை கட்டி, “உங்களை அன்புடன் வரவேற்கும் மழலைகள்: வர்ஷா, ஸ்ரீநாத்.” அவ்வளவுதான், வேறு பிள்ளை கிடையாது. மேயர் மாலை எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். நீங்கள் போய் இறங்கிய அன்று உன் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு கேக் கொண்டுவந்து கொடுத்தார் என்றாயே, அவரைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன், அதனால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

புதன்கிழமை காலையில் சுருட்டின பேனரைத் தோளில் வைத்துக்கொண்டு பூந்தமல்லியில் பஸ் மாறினேன், கண்டக்டர் “இன்னா பெர்சு, ஊட்டையே சுருட்டிக்கினு போறியா” என்று கேட்டான், ஆமாம்பா, இன்னொருத்தர் ஊட்டுல கொண்டுபோய் விரிக்கப் போறேன் என்றேன், பஸ்ஸே சிரித்தது. அங்கே போனால் பால் காய்ச்சி முடித்து எல்லாரும் உள்ளே இருந்தார்கள், சமையல் ஆள்கள் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர்கள் மீதி வைத்திருந்த கழி இரண்டை எடுத்து, வாசலுக்கு நேர் எதிரில் நட்டுக் கட்டினேன். உத்தமன் பந்தல் கழியிலேயே உத்தமனுக்குப் பேனர், இதைவிடப் பொருத்தம் யாருக்கு அமையும். டிப்போவிலிருந்து வெளியே வந்த பஸ் ஒவ்வொன்றும் நின்று படித்துவிட்டுத்தான் போனது. சரி, நிற்கவில்லை, வேகத்தைக் குறைத்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே கண்ணு. வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று, வர்ஷா எது, ஸ்ரீநாத் எது, கூப்பிடுங்க பார்க்கலாம் என்கிறார்கள். சில பேர் இது அந்தப் பிள்ளைகளின் வீடு என்றே நினைத்துக்கொண்டு, அமெரிக்காக்காரங்க ஊடு கட்டியிருக்காங்களா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள். உத்தமனின் அத்தை கோமளா இருக்கிறாளே, அவளுக்குக் குரல் மைக் வைத்த மாதிரி, கூடத்தின் நடுவில் நின்று, “ஏன்டி ஷோபனா, ஊடு உங்களுதா, இல்ல வெளிய மூட்டையா நிக்குதுங்களே அந்தப் புள்ளைங்களுதா” என்று கேட்டாள். ஷோபனா பட்டுப்புடவையில் வியர்த்துப்போய் என்னிடம் வந்து, “மாமா, இது எங்க ஊட்டு விசேஷம், இன்னா பண்ணி வச்சிகிறீங்க” என்றாள். நான் அசையாமல், “வர்ற பசங்க பேர நீங்க பத்திரிகையில போட்டீங்க, வராத பசங்க பேர நான் பேனர்ல போட்டேன், இதுல இன்னாம்மா தப்பு” என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒன்பது வருஷம் தொண்டையில் நின்ற முள் அந்த நிமிஷத்தில் இறங்கியது. முதல் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்தேன், மேயர் எப்படி வந்தார், எத்தனை குதிரை முன்னால் போனது என்று இரண்டு பக்கத்து இலைக்காரர்களும் கேட்கக் கேட்கச் சொன்னேன், பாயசம் இரண்டு முறை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்கு இந்தப் பாயசம் வரைக்கும்தான் சொன்னேன், நீயும் மாப்பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதற்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமலே விட்டுவிடத்தான் நினைத்தேன். நீ கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னபிறகு விட முடியவில்லை.

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். உத்தமன் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பேனர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறான். சரி, கிழிக்கப்போகிறான், கிழிக்கட்டும், நாலு பேர் முன்னால் கிழித்தால் இன்னும் நல்லது, அதையும் ஊர் பேசும் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைப் பார்த்து, “மாமா, இன்னா இப்டி கட்டிகிறீங்க, கயிறு லூஸா கீது, காத்து அட்ச்சா புள்ளைங்க மூஞ்சி மேலயே கிழிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு நாலு மூலையையும் அவிழ்த்து இழுத்து அவனே கட்டினான். இறங்கி வந்து கொஞ்ச நேரம் பார்த்தான். “இதுல எந்த மூட்டை மாமா வர்ஷா” என்று கேட்டான். இடது பக்கம் இரண்டாவது என்றேன். “வளந்துட்டா இல்ல” என்றான். ஆமாம் என்றேன்.

அப்புறம் அவன் கேட்டதை அவன் வாயால் வந்தபடியே எழுதுகிறேன், இதில் என் கைச்சரக்கு ஒரு புள்ளி கிடையாது. “மாமா, ஷர்மிளாவுக்கு என்மேல இன்னா கோவம், எதுனா சொல்லுச்சா. போனதுலேர்ந்து பத்து தபா போன் அட்ச்சிருப்பேன், கட் பண்ணிடுது. வர்ஷா பொறந்த நாளைக்கு அட்ச்சேன், எடுக்கல. கோகுல் கையிலயும் கேட்டேன், ஒண்ணுமில்லண்ணானு வச்சிட்டான். நான் இன்னா பண்ணேன்னு எனக்கே தெரியல. அந்த ஆத்திரத்துலதான், பசங்க பேர எடுத்துடலாம்னு ஷோபனா சொன்னப்போ நானும் சரின்னுட்டேன், தப்புதான்” என்றான். சொல்லிவிட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வந்தவர்களை வழியனுப்பப் போய்விட்டான். என்னிடம் பதிலுக்குக்கூட அவன் நிற்கவில்லை. பூந்தமல்லி வரைக்கும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, நீங்க செஞ்சதுக்கு நீங்களே எழுதுங்க, இல்லன்னா நான் போன் பண்ணிச் சொல்லிடுவேன் என்றாள். அவளுக்கு ஞாபகமறதி என்று மேலே எழுதினேன், அதை அடித்துவிடு, அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கண்ணு, நீ எப்படிப்பட்ட பெண் என்று எனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் நான் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது விழுந்து முட்டி பெயர்ந்து அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டாய், எழுந்திரு என்று கெஞ்சினால் எழவில்லை, எதிர் லைன் பசங்க உன்னால் முடியாதுன்னு சொல்றானுங்க என்றேன், எழுந்து நாலு ரவுண்டு அடித்தாய். எதிர் லைன் பசங்கள் அன்று ஊரிலேயே இல்லை. அதற்கப்புறம் பத்தாவது பரீட்சைக்கு, இஞ்சினியரிங் சீட்டுக்கு, முதல் வேலைக்கு, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தர் உன்னைக் கேவலமாகச் சொன்னதாகத்தான் நான் உன்னை எழுப்பியிருக்கிறேன். ஆறுதல் சொன்னால் இன்னும் அழுவாய், கோபம் வந்தால் நிமிர்ந்துவிடுவாய், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆறாம் நாள் நீ போனில் தேம்பியபோது பத்தாயிரம் மைல் தாண்டி நான் வேறு என்ன செய்வேன், கையில் கிடைத்தவன் உத்தமன், அவனைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், எனக்குத் தெரியாது. இப்படி நான் எழுதுவது உனக்கே ஆச்சரியமாக இருக்கும். அங்கேயே இரு என்றும் சொல்லமாட்டேன், வா என்றும் சொல்லமாட்டேன். உன் வேலை உனக்குப் பிடித்திருந்தால், அந்த அறுவடை மெஷினை நீ வரைகிற மாதிரி வேறு யாரும் வரைய முடியாது என்று அவர்கள் சொல்வது உனக்குச் சந்தோஷமாக இருந்தால், அதற்காக இரு. மாப்பிள்ளையை உட்காரவைத்து, மத்தியானம் ஜன்னலில் நின்று என்ன பார்க்கிறார் என்று கேள், அவர் சொல்கிறதைக் குறுக்கே பேசாமல் கேள். வர்ஷா பேசாமல் இருப்பதற்குப் பனியா பாஷையா பயமா என்று அதனிடமே கேள். இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் போடுவதானால் போடு, போடாவிட்டால் போ. ஒருத்தனுக்கு மூக்கறுக்க வேண்டும் என்று மட்டும் மூன்று வருஷத்தைக் கொடுத்துவிடாதே, அதுவும் இப்படிப்பட்ட ஒருத்தனுக்கு.

ஷோபனா விஷயம் வேறு, அதை இதோடு கலக்காதே. வர்ற பசங்க பேரு மட்டும்தான் என்று அவள் சொன்னது சத்தியமாக அவள் சொன்னது, என் தலையில் அடித்துச் சொல்கிறேன். நீ எப்போது வந்தாலும் ஸ்ரீநாத்துக்குக் காது குத்த வேண்டும் அல்லவா, பத்திரிகை நான்தான் அடிப்பேன், அசோக்கிடம் இப்போதே பேசிவிட்டேன், ஷோபனா பெயரை அச்சகத்துக்காரன் பெயருக்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற எழுத்தில் போடுவோம். அதில் எனக்கு மன்னிப்பு கின்னிப்பு கிடையாது.

பனியில் வண்டி சறுக்கினால் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காதே, ஸ்டியரிங்கைச் சறுக்குகிற பக்கமே மெதுவாகத் திருப்பு, டாங்கி ஓட்டினவன் சொன்னது. பிள்ளைகளுக்கு இரவு படுக்குமுன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவு. வடகம் இரண்டு பையில் பார்சலாக வருகிறது, ஒரு பையை அந்தக் கேக் கொடுத்த கிழவருக்குக் கொடு, பொரித்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடு, அப்படியே கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளப் போகிறார். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் நாலு பேரும் நோய் நொடி இல்லாமல், நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் சிரித்துக்கொண்டு, எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர் உங்களுக்கு ஒத்துவந்து நல்லபடியாக வாழ வேண்டும் என்று நானும் சித்தியும் ஆசீர்வாதம் செய்கிறோம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உத்தமனுக்கு ஒரு போன் செய், மறக்காதே. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் வர்ஷா கையில் கொடுத்துவிடு. அன்றைக்கு லிப்டில் சோளக்கொல்லை, பனி, பெட்டி என்று அவன் எதுவும் சொல்லவில்லை, அது மொத்தமும் நான் கட்டினது. அவன் சொன்னது இவ்வளவுதான்: “மாமா, இந்தப் பொட்டியில சின்னவனோட பொம்மை கீது, மேல வைங்க, கீழ வச்சா நசுங்கிடும்.”

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சித்தப்பா,
சி. நடேசன்.